ஜூலை வெயிலில் நவம்பர் கோட்டு

விஸ்கான்சினில் ஜூலை மாதம் சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகு நனையும். அந்த வெயிலில் மார்லிஸ் பனிக்காலத்துக் கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, கையில் வில்லோடு கார் கொட்டகையின் கூரைமேல் நின்றாள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று தெருவில் போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். அவள் அடுத்த அம்பை நாணில் பூட்டினாள். காரணம் சொன்னால் புரிந்துகொள்ளும் ஆட்களாக இருந்தால் போன நவம்பரிலேயே புரிந்துகொண்டிருப்பார்கள்.

போன நவம்பரில் ஓடை வளைவில் மரத்தின்மேல் கட்டிய வேட்டைப் பரணுக்குக் கீழே எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் வந்து நின்றது. பதினைந்து கஜம்தான் இருக்கும். மார்லிஸ் விட்ட அம்பு பனியில் குத்திட்டு நின்றது. மான் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. குறி தப்பியவரின் சட்டை வாலை வெட்டி, பேரும் தேதியும் எழுதி, வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது அவர்கள் குடும்ப வேட்டைக் கூட்டத்தின் வழக்கம். சுவரில் முப்பது துண்டுக்கு மேல் தொங்குகிறது. அதில் கொழுந்தன் வெர்லினுடையது மட்டும் நான்கு. அவளும் சிரித்துக்கொண்டே திரும்பி நின்று வெட்டச் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான்.

"அண்ணி, உங்களுக்கு அறுபத்திரண்டு ஆச்சு. தோள்ல பழைய பலம் இல்ல. ஓடை வளைவுப் பரணை என் மாப்பிள்ளை ட்ரெவருக்கு விட்டுருங்க. நீங்க கீழ கூடாரத்துல உக்காந்து விசைவில்லு வச்சுக்கங்க. விரலால தட்டுனா போதும்" என்றான் வெர்லின், வாயில் மான்கறிச் சாசேஜோடு.

"தோள் நல்லாத்தான் இருக்கு. கோட்டுக் கையில நாண் உரசிடுச்சு."

"ஆமாமா. எனக்கும் ஒரு தடவ நிலா வந்து மறைச்சுது."

மேஜையே சிரித்தது. பதினோரு வருஷமாக அவள் உட்கார்ந்த பரண் அது.

"வருஷா வருஷம் ஆகஸ்ட்ல குறி பாக்கறோம்ல, அங்க பாத்துக்கலாம். மூணு அம்பும் காகிதத் தட்டுல விழலேன்னா பரண் ட்ரெவருக்கு. விழுந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றான் அவன்.

"தட்டுல விழறது நடக்கும். நீ வாய மூடறதுதான் நடக்காது" என்றாள் மார்லிஸ்.

அம்பு எங்கே கெட்டது என்று அவளுக்குத் தெரியும். கோடை முழுக்க எல்லாரும் பனியன் போட்டுக்கொண்டு, புல்தரையில் நின்று, குறிபார்த்துப் பழகுவார்கள். மான் வருவதோ நாலு சட்டைக்கு மேல் கோட்டு மாட்டி, மரத்தின் மேல் விறைத்துக் கிடக்கும்போது. போன வருஷம் அவள் புதுக் கோட்டு வாங்கினாள், கை கொஞ்சம் தடிமன். அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு அம்புகூட விட்டுப் பார்க்கவில்லை. அந்த முட்டாள்தனம் முழுக்க அவளுடையது. அறுபத்திரண்டு வயதுக்கு அதில் பங்கில்லை.

பிப்ரவரியில் முழங்கால் பனியில் போய்ப் பரணின் பழைய வார்களை மாற்றினாள். கிறீச்சிடும் மூன்றாம் படிக்கு எண்ணெய் விட்டாள், அம்பை மறைக்கும் கிளைகளை வெட்டினாள். மே மாதம், பரண் உயரத்திலிருந்து எய்து பழக, கோட்டோடு கொட்டகைக் கூரையில் ஏறினாள். முதல் வாரம் பாதி அம்பு காய்கறிப் பாத்தியில் போய் விழுந்தது.

"தக்காளிச் செடி உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று கீழே மடக்கு நாற்காலியில் பீரோடு உட்கார்ந்திருந்த புருஷன் ஆர்டன் கேட்டான். அம்பு பொறுக்குவது அவன் வேலை.

கோட்டுக் கையை இறுக்க ரப்பர் வளையம் போட்டாள், வழுகியது. டேப் சுற்றினாள், அது சரசரத்தது, மானுக்குக் கேட்டுவிடும். கடைசியில் ஆர்டனின் கம்பளிச் சாக்ஸில் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயைக் கைமேல் இழுத்துவிட்டாள். நாண் சத்தமில்லாமல் கடந்து போயிற்று.

"அது என் நல்ல சாக்ஸ்!"

"இன்னொண்ணு இருக்கில்ல, பத்திரமா வச்சுக்க."

ஜூனில் ஒருநாள் காலை காபிக் கெண்டியைத் தூக்க முடியவில்லை. வெர்லின் சொன்னது உண்மைதானோ என்று அன்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. இரண்டு நாள் தோளுக்கு ஓய்வு கொடுத்தாள், வில்லின் இழுவையைக் கொஞ்சம் தளர்த்தினாள், மறுபடி கூரை ஏறினாள்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை குடிசை வாசலில் எட்டுப் பேர் கூடினார்கள். இருபது கஜத்தில் வைக்கோல் கட்டின்மேல் காகிதத் தட்டு. ஆண்கள் புல்தரையில் பனியனோடு நின்று எய்தார்கள். ட்ரெவரின் மூன்றும் தட்டில் விழுந்தன. மார்லிஸ் வண்டியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டினாள், சாக்ஸை இழுத்துவிட்டாள், பக்கத்து மரத்தில் கட்டியிருந்த பழைய பரணில் ஏறினாள்.

"கைக்குமா சாக்ஸ் போடறாங்க? அண்ணிக்கு வெயில் ஏறிடுச்சுடா!" என்று வெர்லின் சிரித்தான்.

முதல் அம்பு தட்டின் நடுவில் விழுந்தது. இரண்டாவது அதற்கு இரண்டு விரல் தள்ளி. மூன்றாவதுக்கு இழுத்துப் பிடித்தபோது வியர்வை கண்ணில் இறங்கியது, தோள் நடுங்கியது. அம்பை விடாமல் நாணை மெல்லத் தளர்த்தினாள்.

"பாத்தியா, முடியல" என்றான் வெர்லின்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். அம்பு தட்டின் விளிம்புக்குள் குத்தியது.

"ஓரம்" என்றான் வெர்லின்.

"ஓரமும் தட்டுதான்" என்று இறங்கி வந்தாள்.

"சரி, விழுந்துச்சு. அதுக்கு எதுக்கு இந்தக் கோட்டு நாடகம்? கோட்டால எவனுக்காவது குறி தப்புமா?"

"உன் கோட்டு உள்ள ஆணியில தொங்குது. மாட்டிட்டு ஏறு."

ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெர்லினால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஏறினான், இழுத்தான், விட்டான். நாண் கோட்டுக் கையில் பளீரென்று அறைந்தது. அம்பு தட்டையும் தாண்டி, வைக்கோலையும் தாண்டி, சோயா வயலுக்குள் போய் மறைந்தது.

முதலில் சிரித்தது ஆர்டன்தான். வெர்லின் இறங்கி வந்தபோது மார்லிஸ் கத்தரிக்கோலோடு நின்றாள்.

"மான் மேல விட்டுத் தப்புனாத்தான் சட்ட போகும் அண்ணி!"

"தெரியும். நவம்பர் வரைக்கும் சட்ட உன்னோடதுதான். சாக்ஸ் வேணும்னா உங்க அண்ணன்கிட்ட இன்னொண்ணு இருக்கு, கேட்டு வாங்கிக்க."

அவள் குடிசைக்குள் போனாள். சட்டை வால்களுக்குக் கீழே பரண்களின் வரைபடம் ஒட்டியிருந்தது. ஓடை வளைவில் வெர்லின் கையெழுத்தில் ட்ரெவர் என்று பென்சிலால் எழுதியிருந்தது, ஆகஸ்டுக்குக்கூடக் காத்திருக்காமல். வியர்த்த கட்டைவிரலால் அதைத் தேய்த்து அழித்தாள். பேனாவை எடுத்துத் தன் பேரை மையால் அழுத்தி எழுதினாள்.

வாசலில் நின்ற வெர்லின், "அண்ணி, அது வந்து..." என்று இழுத்தான்.

"வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்ன" என்றாள் மார்லிஸ், திரும்பாமலே.