மலைக்கு மேல் ஐந்து மாடி

அந்த மலையில் மரங்கள் வருடத்துக்குப் பதினோரு அடி மேலே ஏறிக்கொண்டிருந்தன. உச்சியில் இருந்த வானிலை நிலையத்தின் பொறுப்பாளர் அம்மாள் இதை முதல் வருடமே கவனித்து, தினசரி அறிக்கையின் குறிப்புப் பகுதியில் எழுதி அனுப்பினார். குறிப்புப் பகுதி மேகங்களுக்கு மட்டுமே என்று தலைமை அலுவலகம் பதில் போட்டது. வெப்பமானி இன்னும் கொஞ்சம் ஏறியது, மரங்களும் ஏறின. குளிர் எங்கே போகிறதோ அங்கே போவதுதான் அவற்றின் பிழைப்பு. கூடவே பாசியும், சிவப்புப் பூப் புதர்களும், மலையாடுகளும், கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் ஒரு சாம்பல் தவளை இனமும் வந்தன. அந்தத் தவளை உலகத்தில் வேறு எந்த மலையிலும் கிடையாது. ஏழாவது வருடம் எல்லாம் சேர்ந்து அம்மாள் குடியிருந்த நிலையத்து வீட்டின் வாசலில் வந்து நின்றன. அதற்கு மேல் மலை இல்லை.

அம்மாளின் கணவர் முப்பத்திரண்டு வருடம் மலைப்பாதைப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. கதவை அகலத் திறந்து, "உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க, பின்னாடி எவ்வளவு எடம் கெடக்கு" என்றார். மரங்கள் கூடத்துக்குள் வந்து வரிசையாக நின்றன. புதர்கள் சமையலறையைப் பிடித்துக்கொண்டன. மலையாடுகள் படியேறி மொட்டைமாடிக்குப் போயின. தன்னைவிட வேகமாக ஏறுகின்றனவே என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். குளியலறை தவளைகளுக்கு என்றானது. அவர் குளிக்கப் போகும் முன் கதவைத் தட்ட வேண்டும் என்று அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தலை எண்ணுகிற பழக்கம் அவரை விடவில்லை. தினமும் சாயங்காலம் தவளைகளை எண்ணினார். அவை வீட்டுக்குள் வந்த முதல் வருடம் இருநூற்றுப் பத்து. மறுவருடம் அறுபத்தொன்று, ஏனென்றால் வெயில் வீட்டுக்குள்ளும் ஏறியிருந்தது. பத்தொன்பது என்று அவர் சொன்ன அன்று அம்மாள் மழைமானியைக் கையில் பிடித்தபடியே அழுதார்.

"என்னங்க, இதுங்களுக்கு மேல போக எடமே இல்லையே."

"எடமில்லன்னா இன்னொரு வண்டி விடணும். அழுதா எடம் வந்துடுமா?" என்றார் கணவர். மறுநாள் கொத்தனாரைக் கூட்டிவந்தார்.

கொத்தனார் பதினோரு அடி உயரத்தில் ஒரு மாடி எழுப்பினார். அந்த மாடியில் மலை உச்சியின் பழைய குளிர் இருந்தது. அடுத்த வருடம் கட்டிய மாடி அதைவிடக் குளிர்ந்தது. மூன்றாவதில் தரை முழுக்கக் காடு மண்டி, உறைபனி பிடித்தது. காரணம் கேட்டவர்களிடம் கொத்தனார், "நான் வழக்கமா போடற சிமெண்டுதாங்க போட்டேன்" என்றார். ஐந்தாவது மாடி முடிந்தபோது தவளைகள் நாற்பத்து நான்கு ஆகியிருந்தன. அதற்குள் படுக்கையறையும் போய்விட்டதால், தம்பதி இருவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கருவிகள் வைக்கும் கொட்டகைக்குக் குடிபோயிருந்தார்கள்.

புகார் கொடுத்தவர் அம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். பாதி மலையில் விடுதி நடத்தியவர். அவருடைய தோட்டத்து மரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே போய்விட்டன. தங்கை புருஷன்தான் ஆசை காட்டி அழைத்துப் போனார் என்பது அவர் கட்சி. மலைப்பகுதியில் இரண்டு மாடிக்கு மேல் கட்டக்கூடாது என்ற சட்டமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கட்டட ஆய்வாளர் அளவு நாடாவோடு வந்தார். மூன்று மாடிகளை முப்பது நாளில் இடிக்கச் சொல்லும் உத்தரவு கோப்பில் தயாராக இருந்தது. ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் பாக்கி. இரண்டாவது மாடியில் நடத்துனரின் பழைய காக்கிக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். மூன்றாவதில் வழி தவறி ஒரு மணி நேரம் காட்டுக்குள் சுற்றினார். ஐந்தாவதில் மூச்சு வாங்க உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். ஒரு தவளை தாவி வந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"இதக் கொஞ்சம் எடுங்க."

"உட்கார்ந்துட்ட பாசஞ்சர எழுப்பற வழக்கம் நம்மகிட்ட கெடையாது சார்" என்றார் கணவர்.

"நாப்பத்தி நாலு சார்" என்றார் அம்மாள். "உலகத்துலயே மொத்தம் அவ்வளவுதான். மேல் மாடிய எடுத்துட்டா ஒண்ணுகூட மிஞ்சாது."

ஆய்வாளர் நெடுநேரம் காத்திருந்தார். தவளை அசையவில்லை. பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர் அவர். புதுத் தாள் ஒன்றை எடுத்து, விறைத்த விரல்களால் எழுதினார்: 'நேரில் ஏறிப் பார்த்ததில், புகாரில் சொல்லப்பட்ட கட்டடம் எதுவும் அங்கே இல்லை. மலை மட்டுமே இருக்கிறது. அதன் உயரம் ஐம்பத்தைந்து அடி குறைவாகப் பதிவாகியிருக்கிறது. திருத்துக.' மலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லாததால் விவகாரம் அத்தோடு முடிந்தது. காக்கிக் கோட்டை அவர் திருப்பித் தரவில்லை.

வரைபடங்களைத் திருத்தினார்கள். பள்ளிப் புத்தகங்களில் மலையின் உயரத்தை இப்போது பென்சிலால்தான் எழுதுகிறார்கள். அண்ணன் தன் விடுதிப் பலகையில் 'வளரும் மலை இங்கிருந்து நன்றாகத் தெரியும்' என்று எழுதிவைத்து, தங்கை வீட்டுக்கு மறுபடி வந்துபோகத் தொடங்கினார். ஒவ்வொரு வருடமும் கொத்தனார் கடைசிப் படியைப் பூசி முடித்ததும் கணவர் இரண்டு விசில் கொடுத்து "ரைட்" என்கிறார். மரங்கள் வேரை இழுத்துக்கொண்டு, முண்டியடிக்காமல் ஏறுகின்றன. தலைமை அலுவலகமும் அலுத்துப்போய்க் குறிப்புப் பகுதியில் இரண்டு வரி கூட்டிக் கொடுத்துவிட்டது. நேற்றுக் காலை அம்மாள் அதில் எழுதியது: மேகம் குறைவு. தவளை இருநூற்றுப் பதினொன்று. மேலே இடம் இருக்கிறது.