சராசரிக்குள் போன ஐந்து

பட்டறைத் தெருவில் அவளுக்குக் கேள்விக்கார அக்கா என்று பெயர். ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கி, நாட்டுப்பற்றை ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண்ணாக வாங்கி வந்தவள்.

லேத் பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். நாட்டை நேசிக்கிறீர்களா?

“அஞ்சு போடும்மா. அதுக்கு மேல இல்லையா?”

மற்ற நாடுகளைவிட நம் நாடு உயர்ந்ததா?

“நான் எந்த நாட்டைப் போய்ப் பார்த்தேன்? ஒண்ணு போடு.”

நாடு தவறு செய்தாலும் ஆதரிக்க வேண்டுமா?

“என் பொண்ணு தப்புப் பண்ணாக் கண்டிப்பேன். உடனே பாசம் இல்லைன்னு ஆயிடுமா? அதுக்கும் ஒண்ணு.”

தெருவில் பாதிப்பேர் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆய்வு முடிவு செய்தித்தாளில் வந்தது: ‘நாட்டுப்பற்று மிகக் குறைந்த பகுதி’. பட்டறைத் தெருவின் படமும் போட்டிருந்தார்கள். மறுநாளே லேத்காரர் நிறுவனத்தின் வாசலில் அவளுக்காகக் காத்து நின்றார்.

“வாத்தியார் என் பொண்ணை எழுப்பி நிக்க வெச்சு, ‘உங்க ஏரியாதானே’ன்னு கேட்டிருக்காரு. நான் அஞ்சு சொன்னேனே, அது எங்கம்மா போச்சு?”

அவள் அவரையும் அழைத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

“மூணையும் கூட்டி மூணால வகுத்தோம். ரெண்டு புள்ளி மூணு,” என்றார் இயக்குநர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நேசிக்கிறது வேற, நாமதான் ஒசத்தின்னு நினைக்கிறது வேற சார். பயிற்சியில நீங்கதான் சொன்னீங்க.”

“சொன்னேன். பணம் குடுத்தவங்க ஒரே எண் கேட்டாங்க.”

“அதுக்கு இவரைத் துரோகி ஆக்குவீங்களா?”

“யார் பேரும் அதுல இல்லையேம்மா.”

“தெரு பேர் இருக்குல்ல,” என்றார் லேத்காரர்.

அன்றே அவள் அடையாள அட்டையைக் கழற்றி அந்த மேசையில் எறிந்தாள். மூன்று கேள்விகளுக்கும் தெருவில் வந்த பதில்களைத் தனித்தனியாக எழுதிச் செய்தித்தாளுக்கு அனுப்பினாள். உள்பக்கத்தின் மூலையில் நான்கு வரி வந்தது. யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை.

பிழைக்க வேண்டுமே. அடுத்த மாதம் ஒரு சோப்புக் கம்பெனிக்குக் கருத்துக் கேட்க அதே தெருவுக்குப் போனாள். முதல் வீட்டுப் பெண் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“என்னைக் கேப்பானேன்? நீங்களே ஒரு நம்பர் போட்டுக்கங்க.”

கதவு சாத்திக்கொண்டது. கேள்விக்கார அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோபம் அந்தப் பெண்மீது இல்லை; ஒரே எண் கேட்டவர்கள்மீதுதான்.