ஒரு பக்கம் மட்டும் மூடிய தவில்

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொல்லங்கோட்டுக் கல்யாண மண்டபத்தின் பின்புறக் குழாயடியில் செல்வலட்சுமி தன் தவிலின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தவில் பேசிவிடும் என்ற பயம். தோல் ஊறித் தொய்ந்துவிட்டால் அதனால் வாய் திறக்க முடியாது. ஆனால் ஊற்றிய தண்ணீர் தங்க மாட்டேன் என்றது. கணவாய் வழியாக வீசிய பாலக்காட்டுச் சூட்டுக் காற்று ஈரத்தை நக்கிக்கொண்டு போக, தவில் முன்னைவிட விறைத்துக்கொண்டு நின்றது.

“ஏ செல்வி! கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? எவளாச்சும் தவுலுக்குத் தலை முழுக்கி விடுவாளா?” நாகஸ்வரத்தில் சீவாளியைச் செருகியபடியே கத்தினான் அண்ணன் பெரியமுத்து.

“பேசாமப் போண்ணே. பொண்ணு தலைக்கு மேல கத்தி தொங்குது.”

அந்தத் தவில் பேசும் என்பது அவர்களுடைய மலையூரான ஆனைக்கரையில் பழைய செய்தி. மலையில் மழை தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது, மூடுபனியில் தோல் நனைந்து தவில் பூசணிக்காய் மாதிரி சத்தம் போடும். அதனால் கச்சேரிக்கு முந்தின நாள் செல்வலட்சுமி அதை முதலாளி ஜோமோனின் ஏலக்காய் ஸ்டோரில் கொண்டுபோய் வைப்பாள். காய் உலர்த்தும் சூட்டில் தோல் இறுகிக் கிண்ணென்று ஆகிவிடும். ஏலக்காய் வாசம் எதிலும் சீக்கிரம் ஏறும். அந்த வாசம் ஏறிய பொருளில் பேச்சும் ஏறும். ஸ்டோரில் உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்கள் பேசியதெல்லாம் தவிலுக்குள் இறங்கியது. மெதுவாக வாசித்தால் ஒன்றுமில்லை. கை துரிதத்துக்குப் போனால் உள்ளே இருப்பது சொன்னவர் குரலிலேயே வெளியே வந்து விழும்.

முதன்முதலில் அது பேசியது எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில். சாமி புறப்படும் நேரம், தவிலுக்குள்ளிருந்து காய் பொறுக்கும் சுருளியம்மாளின் குரல், “மொதலாளி மீசைக்கு அடிக்கிற மையி மழையில வடிஞ்சு கழுத்து வரைக்கும் வந்திருச்சுடி” என்று ஊருக்கே கேட்கச் சொன்னது. முன்வரிசையில் ஜோமோன் நின்றிருந்தான். மறுநாள் மீசை இல்லாமல் வந்து, வழக்கம்போல் ஸ்டோரைத் திறந்தான். அந்த வாரம் ஏலக்காய் விலை லேசாக ஏறியது. தேநீர்க் கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள். அதன்பிறகு ஊர் பழகிக்கொண்டது. தவிலைக் கேட்க மலையோரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜீப் பிடித்து வந்தார்கள். மனத்தாங்கல் வந்த மருமகள்கள் வேண்டுமென்றே அதன் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பிவிட்டுப் போனார்கள். ரகசியம் பேசுகிறவர்கள் மட்டும் முதலில் தவிலைக் கம்பளியால் மூடிவிட்டுப் பேசுவது ஸ்டோரின் வழக்கமாயிற்று. கம்பளிக்குள் பேச்சு ஏறாது.

அன்று மணவறை ஏறவிருந்த ஆர்த்தியும் ஸ்டோரில் அப்படி மூடிவிட்டுத்தான் பேசியிருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கே உரிய பரபரப்பில் வலது முகமான வலந்தலையை மட்டும் மூடினாள். தவிலுக்கு இரண்டு முகம் என்பதை மறந்தாள். தொப்பி என்ற இடது முகம் திறந்தே கிடந்தது. அவள் பேசியது முழுவதும் அதன் வழியாக உள்ளே போயிற்று.

இது அவளுக்கே உறைத்தது கல்யாணத்தன்று காலையில்தான். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குச் செல்வலட்சுமியிடம் ஓடி வந்தாள்.

“அக்கா, இந்தத் தவுலு முன்னாடி ஒண்ணு சொல்லித் தொலைச்சிட்டேன். அது வெளிய வந்துச்சுன்னா கல்யாணம் நின்னுரும்க்கா.”

“அப்படி என்னத்தடி சொன்ன? வேற எவன்மேலயாச்சும் ஆசையா?”

“சீ, அதுன்னா பரவால்லயே. இது அதைவிட மோசம்.”

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. யாரோ கூப்பிட, அழுத கண்ணோடு ஓடிவிட்டாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே செல்வலட்சுமிதான். கொல்லங்கோட்டுக் கோயிலில் வாசிக்க வந்தபோது மாந்தோப்புக்காரர் மகன் சதீஷைப் பார்த்து, நம்ம ஆர்த்திக்குப் பொருத்தமாக இருப்பானே என்று இரண்டு வீட்டுக்கும் நடந்தவள். இன்று இது முறிந்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

நாலாவது வாளியைத் தூக்கும்போது மாப்பிள்ளையின் தாயார் கமலாத்தாள் வந்து நின்றாள். வாட்டசாட்டமான உடம்பு, இடுப்பில் வெற்றிலைப் பை.

“ஏனுங் அம்மிணி, தவுலுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டற பழக்கம் உங்க மலையில உண்டுங்களா?”

“தூசிங்கம்மா. வழியெல்லாம் தூசி.”

“எங்க எருமைக்குக்கூட இத்தனை தண்ணி ஊத்தறதில்லீங்க. சட்டுனு வாங்க, ஐயர் கூப்பிடறாரு.”

வேறு தவில் இல்லை. கையில் சுளுக்கு என்று சொல்லி ஒதுங்கவும் வழியில்லை. தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மலோ தகாத சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தான் கெட்டிமேளமே. அது இல்லாமல் தாலி கட்டினால் மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே ஜோசியரைத் தேடிப் போவார்கள். தகாத சொல்லை மறைக்க வேண்டிய தவிலுக்குள்ளேயே அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மேடையில் அவள் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் யாரும் தவில் வாசித்ததில்லை. குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல ஒவ்வொரு அடியாக வைத்தாள். பெரியமுத்து நாகஸ்வரத்தில் ஓட ஓட, அவள் பின்னால் நடந்தே வந்தாள். அண்ணன் முறைத்தான். முன்வரிசைக் கிழவர் ஒருவர் கொட்டாவி விட்டார். மணவறையில் ஆர்த்தி குனிந்த தலை நிமிராமல் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் விரலை உயர்த்தி ஆட்டினார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

செல்வலட்சுமி ஆர்த்தியைப் பார்த்தாள். ஆர்த்தி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு விரல்களில் மாட்டிய கூடுகள் தெறிக்கும்படி தவில் முழங்கியது. இரண்டாவது சுற்றிலேயே வாய் திறந்தது. தெளிவான குரல், ஆர்த்தியின் குரல். நாகஸ்வரத்தையும் தாண்டி, பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது. சொல்லி முடிக்கும்வரை செல்வலட்சுமியால் கையை நிறுத்த முடியவில்லை.

சதீஷ் தாலியை ஏந்திய கையோடு உறைந்தான். பிறகு இன்னொரு கையால் தன் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்தான். அதைப் பார்த்து முதலில் சிரித்தவன் அவனேதான். சிரிப்பில் கை நடுங்கி முடிச்சு விழவில்லை. அக்காக்காரி பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கமலாத்தாள் வெற்றிலைப் பையை இறுகப் பிடித்தபடி மேடையேறி, மருமகளின் முகத்தை நிமிர்த்தி, “நாந்தேன் ஒருத்தருகிட்டயும் சொல்லலியே கண்ணு, நீ ஏஞ் சொன்னே?” என்று கேட்டுவிட்டு, மூக்கைச் சிந்தி அழுதாள். சபை அட்சதையை அள்ளி அவள் தலையிலும் கொட்டியது.

தவில் பேசியதைக் கொல்லங்கோட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தியில் பாயசம் சற்று நீர்த்துவிட்டதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அடுத்த வருஷக் கோயில் விழாவுக்கு அந்தத் தவிலையே சொல்லிவைத்தார்கள், ஆனால் வரும்போது ஸ்டோரில் ஒரு நாள் கூடுதலாக வைத்து எடுத்து வரச் சொன்னார்கள். மாமியாரும் மருமகளும் இப்போது ஒன்றாகத்தான் சந்தைக்குப் போகிறார்கள். பை தூக்கிக்கொண்டு சதீஷ் பின்னால் வருகிறான்.

அன்று கெட்டிமேளத்தில் தவில் சொன்னது இதுதான்:

“சுருளியக்கா, மாப்ள மூக்கு எப்படியிருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் காப்பித் தட்டோட போறேன், கால்ல அட்டை கடிச்சு ரத்தமா ஓடுது. அந்தம்மா என்னமோ கீழ விழுந்ததை எடுக்குற மாதிரி குனிஞ்சு, வெறுங்கையால அட்டையைப் புடுங்கி, தன் வெத்தலைப் பையில போட்டுக்கிட்டாக. சபையில ஒருத்தருக்கும் தெரியாது. நான் கட்டிக்கப் போறது அந்தம்மாவைத்தான்க்கா. அவரு கூட வந்தா வரட்டும்.”