ஒண்ணுமில்லை என்று ஒரு போன்

காத்திருத்தலைப் போல மனித ஆன்மாவைச் செதுக்கும் உளி இவ்வுலகில் வேறெதுவும் இல்லை. இந்த மாபெரும் உண்மையை அருளியவர் ஊசிக்காரர். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில்தான் அதை அருளினார்.

வாசல் பலகையில் அவர் ‘உயிராற்றல் சீரமைப்பு நிபுணர்’. தெருவில் ஊசிக்காரர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அக்குபங்சருக்கு வருமுன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றவர். பழைய தொழிலிலிருந்து ‘அடைப்பு’ என்ற சொல்லை மட்டும் கையோடு எடுத்து வந்துவிட்டார்.

“உங்கள் மருமகளின் ஆற்றல் ஓடைகள் அடைபட்டிருக்கின்றன அம்மா. பதற்றம்தான் அடைப்பு. கர்ப்பப்பை என்பது ஒரு தோட்டம். தோட்டக்காரி பதறினால் விதை எப்படி ஊன்றும்?”

“நீங்க வேற. எங்க மாடியில தொட்டிச் செடியே நிக்க மாட்டேங்குது,” என்றாள் மாமியார்.

மருமகள் ஒல்லிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். உறைய வைத்திருந்த கருக்களில் கடைசியாக மிஞ்சியதை இரண்டு வாரத்துக்கு முன் உள்ளே வைத்திருந்தார்கள். இதற்கு முன் வைத்தவை எதுவும் தங்கவில்லை. இதுவும் தங்காவிட்டால் வைக்க வேறு இல்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்க அவள் உடம்பு இடம் கொடுக்காது என்று மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். காலையில் ரத்தம் கொடுத்தாயிற்று. மதியத்துக்குள் போன் வரும்.

முந்தின நாள் கடையில் ஒரு பெரியவரின் இரண்டு கண்களையும் சேர்த்து மறைத்துவிட்டு, “எழுத்து தெரியுதா?” என்று கேட்டிருந்தாள். “ஐயோ, ஒண்ணுமே தெரியலையேம்மா!” என்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முதலாளி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு, நாளைக்கு வராதே என்றார். அதனால்தான் மாமியார் இங்கே இழுத்து வந்திருந்தாள்.

ஊசிக்காரர் காதில் குத்தினார். மணிக்கட்டில் குத்தினார். பாதத்தில் குத்தினார். கடைசியாக இரண்டு புருவங்களுக்கும் நடுவில் ஒன்று.

“இது கவலையின் வாசல். பூட்டிவிட்டேன்.”

பூட்டியதன் பலன், நெற்றியைச் சுளித்தால் வலித்தது. கவலைப்படுவதை முகத்தின் கீழ்ப்பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மாமியாரின் மடியில் போன் அடித்தது.

“ஆஸ்பத்திரிதான்! எடுத்துக் குடுக்கட்டுமா?”

“அசையக் கூடாது,” என்றார் ஊசிக்காரர்.

மாமியாரே பேசினாள். “ஆமாம்மா, அவ மாமியார்தான். எங்கிட்டச் சொல்லலாம், நான் என்ன மூணாம் மனுஷியா? ம்... என்னது, நெகட்டிவ்வா? ஒண்ணும் இல்லையா? நல்லாப் பார்த்தியா கண்ணு? ரொம்ப சந்தோஷம். நீ நல்லா இருக்கணும்மா!”

அந்த நர்ஸ் தன் வேலைக்காலத்தில் இப்படியொரு வாழ்த்தை வாங்கியிருக்கமாட்டாள்.

மாமியாரைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் மாமனாரின் கழுத்தில் ஒரு கட்டி வந்து, வீடே சோறு தண்ணி இறங்காமல் கிடந்தது. பிறகு டாக்டர் காகிதத்தைப் பார்த்து, ‘நெகட்டிவ், ஒண்ணுமில்லை’ என்றார். அன்று முதல் அந்த வீட்டில் அது மங்கலச் சொல்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த ஊசிக்காரர், போனில் சொன்னது என்ன என்று கேட்க நேரம் செலவழிக்கவில்லை. “அடைப்பு நீங்கியது! பார்த்தீங்களாம்மா, ஊசி உள்ள இருக்கும்போதே ரிசல்ட்டு!” மகிழ்ச்சியில் செந்தமிழ் கழன்று விழுந்துவிட்டது.

மாமியார் மகனைக் கூப்பிட்டாள். அவன் லிப்ட் மெக்கானிக். எங்கேயோ லிப்ட் குழிக்குள் இருந்தான், கிடைக்கவில்லை. அவளுடைய ஓரகத்தி கிடைத்தாள். “நல்ல சேதி வந்துருச்சுடி. அப்புறமாப் பேசறேன்,” என்று வைத்தாள்.

மருமகள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். நாள் முழுக்க மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரெண்டு என்று சொல்லிப் பிழைப்பவள். கடையில் அதற்குக் கண்ணாடி உண்டு.

“அத்தை.”

“சொல்லுடா தங்கம்.”

“நெகட்டிவ்னா இல்லைன்னு அர்த்தம்.”

“அதான் ஒண்ணும் இல்லைன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டாளே.”

“ஆமா அத்தை. ஒண்ணும் இல்லை. உள்ள ஒண்ணும் இல்லை.”

மாமியார் ஊசிக்காரரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தை முதன்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“அப்ப... மாமாவுக்கு வந்துச்சே, அது?”

“அது நல்லது அத்தை. இது வேற.”

“ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு ரெண்டு வேலை பார்க்கறானுங்களா?” கோபமாகத்தான் ஆரம்பித்தாள். கோபம் அந்தக் கேள்வியோடு முடிந்துவிட்டது. மருமகளைத் தொட்டு ஆறுதல் சொல்ல ஊசி இல்லாத இடம் தேடினாள். ஒரு முழங்கால் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருமகளுக்கு அழுகை வந்தது. நெற்றி வலித்தது. துடைக்கக் கை தூக்க முடியாமல், கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிற்று.

ஊசிகளை உருவ வேண்டுமானால் ஊசிக்காரர் அவள் முகத்துக்கு நேரே குனிய வேண்டும். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். ஆற்றல் அடங்கணும்,” என்று தரையிடம் சொல்லிவிட்டு வெளி அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

“நீ படுத்திரும்மா. என் ஓரகத்திகிட்டச் சொன்னதை மாத்திச் சொல்லிட்டு வந்துடறேன். ஊரெல்லாம் பரப்பிடுவா,” என்று மாமியாரும் வெளியே போனாள்.

வெளி அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். ஊசிக்காரருக்கு எதிரில் உட்கார்ந்து ஓரகத்தியை மறுபடி கூப்பிட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெயிலைப் பற்றி விசாரித்தாள், முட்டிவலியைப் பற்றி விசாரித்தாள். பிறகு, “இல்லையாம்டி,” என்றாள். “நாந்தான் தப்பா விளங்கிக்கிட்டேன். இனிமே இல்லையாம்.”

அப்போதுதான் உள்ளேயிருந்து கேட்டது. பல வாரம் கண்மூடாத உடம்பு ஒரேயடியாக விழுந்துவிட்ட குறட்டை. கதவையும் தாண்டி, போனையும் தாண்டிப் போனது.

“யாருக்கா அது, இந்த நேரத்துல இப்படித் தூங்கறது?”

மாமியார் கதவைப் பார்த்தாள்.

“டாக்டரு,” என்றாள்.

டாக்டர் எதிர் நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.