வேலியோரப் பூசணிக்காய்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும், "கிரேசா, அவ வாயில வுழாதே" என்பார்கள். ஆனால் அந்த வருஷம் எனக்கு வந்த கோபத்தில் ஒரு தப்பும் இல்லை.

சோழவரத்தில் என் தங்கை கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினோம். அதற்குள் பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் நடுவேலியைப் பிடுங்கி, எங்கள் பக்கம் நான்கடி தள்ளி நட்டிருந்தான். கக்கூஸ் கட்டுவதற்காக நாங்கள் விட்டுவைத்திருந்த இடம் அது. எங்கள் மகள் ஸ்நேகா அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தாள். விடியும் முன் அவளைக் கம்பெனி மதிலோரப் புதருக்குக் கூட்டிப்போய் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

கேட்டதற்கு, "இது எங்கப்பா காலத்து எடம் அண்ணி" என்றான். திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய், நிலத்தை அளக்கச் சொல்லி மனு கொடுத்தேன். முறை வரும்போது வருவோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் லோகு இரும்புக் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து, நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டே, "கர்த்தர் பாத்துக்குவாரும்மே" என்றார்.

"இன்னாய்யா, கர்த்தர் டேப்பு எடுத்துக்கினு வந்து அளப்பாரா?"

"அளப்பாரு. நீ கொஞ்சம் வாயை மூடிக்கினு இரு."

வாயை மூடினேன், மனசை மூடவில்லை. வானத்திலிருந்து அக்கினி இறங்கி அந்த வேலியைச் சுடட்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்டேன். அக்கினி வரவில்லை. ஆசீர்வாதம் போட்ட பூசணிக்கொடிதான் நான்கடியிலும் தளதளவென்று படர்ந்தது. கம்பெனித் தூசு படிந்தும், காய் ஒன்று உரல் மாதிரி பருத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

விளைந்ததைச் சபையில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு அதையே தோளில் தூக்கி வந்து பீடத்தின் முன்னால் வைத்தான். திருடின மண்ணில் விளைந்ததைக் கர்த்தருக்கே படைக்கிறானே, இவன் நெஞ்சழுத்தத்தை என்ன சொல்ல. காணிக்கைகளில் பெரியது அதுதான் என்று பாஸ்டர் அறிவித்தபோது நான் எழுந்தே விட்டேன். லோகு முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கைதட்டி ஓய்ந்த பிறகுதான் ஆசீர்வாதத்தின் முகம் மாறியது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய காணிக்கை பெரியதோ, அது விளைந்த இடத்துக்கே அடுத்த ஞாயிறு சபையார் எல்லாரும் போய் ஜெபம் பண்ணுவோம். நிலத்துக்காரர் முழங்காலிட்டு, மண்ணைக் கையில் அள்ளி, "கர்த்தாவே, இது நீர் எனக்குத் தந்த நிலம்" என்று சொல்ல வேண்டும். பெருமையில் பாவி அதை மறந்துவிட்டான்.

ஞாயிறு அறுபது பேர் வந்து கொடியைச் சுற்றி நின்றார்கள்.

"சொல்லுங்க பிரதர்" என்றார் பாஸ்டர்.

ஆசீர்வாதம் மண்ணை அள்ளினான். "கர்த்தாவே" என்றான். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் "கர்த்தாவே" என்றான். என்னிடம் கூசாமல் சொன்ன பொய்யைக் கர்த்தரிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது. ஊர் பார்க்க அவன் மானம் போக வேண்டுமென்று எட்டு மாசமாகக் காத்திருந்தவள் நான். ஆனால் அவன் மண்ணைக் கீழே போடவும் துணியாமல் ஏந்தியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு எங்கோ போய்விட்டது. கர்த்தர் நிஜமாகவே எங்கள் வேலியோரம் வந்து நிற்கிறார் என்று தோன்றி, எனக்கே பயமாக இருந்தது.

அவன் எழுந்து வந்து மண்ணை என் கையில் கொட்டினான். "நீ சொல்லு அண்ணி. உன் எடம்."

முழங்காலிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சபையார் ஆமென் சொன்ன சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

டீ குடித்து எல்லாரும் போன பிறகு அவன் வேலிக் கம்புகளைப் பிடுங்கினான். "இன்னும் ரெண்டு பிஞ்சு கீது. முத்தினதும் கொடியை எடுத்துடறேன்" என்றான்.

"அது முத்தற வரைக்கும் என் பொண்ணு பொதருக்குப் போணுமா?"

அவன் உடனே குனிந்தான். பிஞ்சோடு கொடியைச் சுருட்டி ஓரமாகப் போட்டான். வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, "கக்கூஸ் குழி எங்க வரணும், காட்டு அண்ணி" என்றான்.

காட்டினேன். லோகு சட்டையைக் கழற்றிவிட்டு, மண்வெட்டியோடு அவன் பக்கத்தில் போய் நின்றார்.