மச்சானின் பிளேடு

அக்கா புருஷன் என் கோல்ஃப் மட்டைப் பட்டறைக்குள் நுழைந்தால் முதல் வேலை, சுவர்க் கண்ணாடியில் தொப்பியைச் சரிபார்ப்பது. கோல்ஃப் கிளப்பில் உறுப்பினராகச் சேர ஒன்பது குழி ஆடிக் காட்ட வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். மூன்றாவதும் போனால் அப்புறம் மனுவே வாங்கமாட்டார்கள்.

"மாப்ள, எனக்கு பிளேடு அயன் மட்டை போட்டுக் குடு. பெரிய ஆட்டக்காரனெல்லாம் அதான் வச்சிருக்கான்."

"அவங்க நடுவுல அடிப்பாங்க மச்சான்."

"நான் என்ன ஓரத்துலயா அடிக்கிறேன்?"

ஏழாம் எண் மட்டையின் முகத்தில் வெள்ளைப் பவுடர் தெளித்து, வலைக்கு முன்னால் பத்துப் பந்து அடிக்கச் சொன்னேன். பந்து பட்ட இடத்தில் பவுடர் போய்விடும். எட்டுத் தடம் நுனியில், அம்மை வடு மாதிரி.

"பவுடர் சரியில்ல" என்றார்.

நான் விளக்கினேன். பிளேடு என்பது முதுகு வழவழப்பான, மெல்லிய இரும்பு. எடை நடுவில் குவிந்திருக்கும். பந்து நுனியில் பட்டால் மட்டையின் தலை முறுக்கிக்கொள்ளும். பந்து வலப்பக்கம் ஒதுங்கிப் பாதி வழியில் விழும். அந்த முதுகைக் குடைந்து, எடுத்த இரும்பை விளிம்புகளுக்குத் தள்ளினால் கதையே வேறு. கயிற்றில் நடப்பவன் நீளக் கம்பைக் குறுக்கே பிடிப்பது எதற்கு? எடை இரு ஓரத்திலும் இருந்தால் லேசில் திரும்பாது. எடை கீழேயும் பின்னாலும் இறங்குவதால் பந்து உயரக் கிளம்பும். அகலமான அடிப்பாகம் மண்ணைத் தோண்டாமல் சறுக்கும். தப்பாக அடித்தாலும் முக்கால்வாசி தூரம் போய்ச் சேரும்.

மச்சான் கொட்டாவி விட்டார். "அது கிழவனுங்க மட்டைடா."

அவர் காரில் ஏறியதும் அக்கா வாசலில் தயங்கினாள். "தம்பி, இவர் தோத்தா ஒரு மாசம் அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது நானும் பிள்ளைங்களும்தான். ஏதாவது பண்ணுடா."

பண்ணினேன். முதுகு குடைந்த மட்டைகளை எடுத்து, குழியின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டி, மெருகேற்றினேன். மேல் விளிம்பு தடிமனாகத் தெரியுமே. அதன் பின்பாதிக்குக் கறுப்பு அடித்தேன். குனிந்து பார்ப்பவருக்கு விளிம்பு ஒல்லியாகத் தெரிந்தது. பிளேடு என்று நீட்டினேன். மச்சான் முதுகைத் தடவிப் பார்த்து, "இது இரும்பு" என்றார்.

தேர்வில் தேறிவிட்டார். மறுநாள் அக்காவோடும் கிளப் நண்பர்கள் இருவரோடும் வந்து இறங்கினார்.

"பிளேடு யாரையும் மன்னிக்காது" என்று நண்பர்களுக்குப் பாடம் நடத்தினார். "கை சுத்தமா இருக்கறவனுக்குத்தான் அது பேசும். என் மச்சினன் பாவம், ஏட்டுப் படிப்பு."

ஒரு நண்பர் மட்டையை வாங்கித் திருப்பினார். "நுனி மட்டும் ஏன் சார் இவ்ளோ கறையா இருக்கு?"

மச்சான் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "நுனியிலதான் அடிக்கணும். அதான் டெக்னிக்."

இருவரும் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

"எங்களுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுங்க தம்பி."

அக்கா என்னைப் பார்த்தாள். பவுடர் டப்பாவை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, தகடு வெட்டும் கத்தரியைத் தேடினேன்.