நாலாம் நம்பர் பிரஸ்ஸின் இடது பட்டன்

எனக்கு ஏழு விரல்கள். மீதி மூன்று, ஓசூரில் கங்கப்பன் முதலாளியின் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் போயின. போனபோது என் வயது நாற்பத்தொன்று. அதுவரை அந்த விரல்களால் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தகட்டை வெட்டி பாகமாக்கும் பிரஸ் அது. இரண்டு பட்டன்கள். இரண்டு கைகளாலும் ஒரே சமயம் அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். கைகள் வெளியே பத்திரமாக இருக்கும். முதலாளிக்கு அந்த வேகம் போதவில்லை. இடது பட்டனை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். வலது கை அமுக்கும், இடது கை உள்ளே தகடு வைக்கும். ஒருநாள் இடது கை வெளியே வர அரை நொடி பிந்தியது.

கிருஷ்ணகிரியில் விசாரணை. அதற்குள் டியூப் மாயமாகிவிட்டது. "எங்கள் பிரஸ் ஒரு கையால் இறங்கவே இறங்காது" என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஏறியது. மேல்முறையீடு போட்டுவிட்டு இரண்டு வருஷம் அந்தத் தாளையே படித்துக்கொண்டிருந்தேன்.

"அத ஃப்ரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டிருங்க," என்றாள் என் மனைவி சூசைமேரி. "ரெண்டுக்கும் சேத்தே மெழுகுதிரி ஏத்திருதேன்."

அவளுக்குத் தெரியாதது, தினமும் நான் மனதுக்குள் கங்கப்பனின் கையை அந்த பிரஸ்ஸில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெபம் சொல்லும்போதுகூட.

2004இல் சென்னையிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்தது. ஊழல் தொழிலதிபர் ஒருவரை ரகசிய ஏஜென்ட் உளவு பார்க்கும் கதை. தொழிற்சாலையை வாடகைக்குக் கொடுத்தது கங்கப்பன். ஏஜென்ட்டுக்குத் துப்புக் கொடுக்கும் தொழிலாளி வேடத்துக்கு விரல் இல்லாத ஆள் தேவைப்பட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்த சினிமா மேனேஜருக்கு மேக்கப் செலவு மிச்சம். ஏஜென்ட் கூரையிலிருந்து குதிப்பார். டியூப்புக்கு ஆதாரம் தேடி அந்த வேடத்தை ஒப்புக்கொண்ட நிஜ உளவாளியான என்னிடம் துப்பாக்கி இல்லை. சர்க்கரை வியாதிதான் இருந்தது.

முதலாளி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பாத்தியாப்பா ஜெபதுரை? வெரலு போனதும் சினிமா சான்ஸே வந்துடுச்சு. என்னியத்தான் நீ கும்புடணும்."

கும்பிட்டேன். ஏழு விரலாலும்.

படப்பிடிப்புக்காக எல்லா டியூப்பையும் அவிழ்த்து, பிரஸ்களுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். துப்பறிய ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் முதல் நாள் நாலு மணிக்கு ஷூட்டிங் முடிந்ததும், விட்டுப்போன உற்பத்தியைப் பிடிக்க இரண்டாம் ஷிப்ட் ஓட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை உதவி இயக்குநர் சுப்ரியா வந்தாள். ஒரு காட்சி இரண்டு நாள் நீண்டால், நேற்று எது எங்கே இருந்ததோ இன்றும் அது அங்கேயே இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதே அவள் வேலை. நேற்றைய போட்டோக்களைக் கையில் வைத்து, பிரஸ்ஸைச் சுற்றி வந்து நின்றாள்.

"சார், இந்த லெஃப்ட் பட்டன்ல நேத்து டியூப் இல்லையே?"

இரண்டு வருஷமாக எந்த அதிகாரிக்கும் தெரியாதது இந்தப் பெண்ணுக்கு இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"போட்டோ எடுத்துக்கோங்கம்மா," என்றேன். "தேதியோட."

எடுத்தாள். "இன்னைக்கு ஃப்ரேம்ல வராது. இருந்துட்டுப் போகட்டும்."

அன்றைய காட்சி: வில்லனின் கையை ஏஜென்ட் பிரஸ்ஸில் வைக்கிறார், நான் பட்டனை நோக்கிக் கை நீட்ட, வில்லன் உண்மையைக் கக்குகிறான். வில்லன் நடிகருக்கு ஹைதராபாத்தில் வேறு படம். கை மட்டும் போதும் என்றார் இயக்குநர்.

"கைதானே? நம்மளுது இருக்குதே," என்றார் கங்கப்பன். நான்கு மோதிரம் போட்ட கை. பெருமையாக உள்ளே வைத்தார்.

மோட்டாரைப் போட்டேன். சக்கரம் சுற்றியது. மனதுக்குள் நான் தினமும் ஓட்டிய படம் இதோ, எதிரே, மோதிரத்தோடு.

"ஆக்‌ஷன்."

விரலில்லாத கையை வலது பட்டனுக்கு மேலே கொண்டுபோனேன். அவர் என்னைப் பார்த்து இளித்தார். பிறகு அவர் கண் இடது பட்டனுக்குப் போனது. இளிப்பு வடிந்தது. கையை இழுக்கப் பார்த்தார். ஏஜென்ட்டாக நடித்த ஹீரோ, பாவம், நல்ல நடிகர், இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"டேய், வேணாண்டா. அந்த டியூப்ப அவுருடா. ஒத்தக் கை பட்டாலே எறங்கிரும்டா."

"என்ன மொதலாளி, ஒரு கையால எறங்கவே எறங்காதுன்னு எழுதிக் குடுத்தீயளே?"

"பொய்டா. நாந்தாண்டா கட்டச் சொன்னேன். ஐயா, விட்ருடா."

என் உள்ளங்கை பட்டனைத் தொட்டது. மூன்று விரலுக்கும் சேர்த்து மூன்று மூச்சு விட்டேன். கையை எடுத்தேன்.

"கட். சார், பிரமாதம்," என்றார் இயக்குநர். கங்கப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் பார்ப்பதற்காக மானிட்டரோடு இணைத்திருந்த டேப்பில் குரலும் பதிந்திருந்தது. நடந்ததைச் சொன்னதும், சுப்ரியா அதன் நகலையும் இரண்டு நாள் போட்டோக்களையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தாள்.

கிருஷ்ணகிரியில் மேல்முறையீட்டு அதிகாரி டேப்பை மூன்று முறை ஓட்டினார். "இது நடிப்பு," என்றார் முதலாளியின் வக்கீல். இயக்குநரின் கடிதத்தை அதிகாரி படித்தார். அவரே கேட்டு வாங்கி நடித்த, மாலை போடும் காட்சியில் சும்மா சிரிக்கவே கங்கப்பன் பதினோரு டேக் வாங்கியதாகவும், அவருக்கு நடிப்பு அறவே வராது என்றும் எழுதியிருந்தது.

'கவனக்குறைவு' அடிக்கப்பட்டது. நாலாம் நம்பருக்கு சீல். முதலாளி மேல் வழக்கு.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் என்னிடம் வந்தார். மோதிரம் ஒன்றுமில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா. நெஜமாலுமே அமுக்கியிருப்பியா?"

அன்று காலை, போட்டோ எடுத்த கையோடு, பிரஸ்ஸின் பின்னால் போய்க் காற்று வால்வை மூடிவிட்டு வந்திருந்தேன். சக்கரம் சுற்றினாலும், காற்று இல்லாமல் அந்த இரும்பு ஒரு அங்குலம்கூட இறங்காது. பழிவாங்கப் போகிற ஆள் செய்கிற காரியமா அது? அதற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அது சூசைமேரிக்கு மட்டும் தெரியும்.

"தெரியலையே மொதலாளி," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சூளகிரி தாண்டும் வரை, மீதமிருந்த ஏழையும் எண்ணிக்கொண்டே வந்தேன்.